தம்பிக்குத் தெரிந்த விலாசம்

சென்ற வாரம் ஸ்ட்ரீட்காரில் போகும்போது யன்னலால் நனைந்த சுண்ணாம்பு மணம் வந்தது. எட்டிப் பார்த்தால், நான் கனடாவுக்கு வந்த புதிதில் துப்புரவு வேலை செய்த பழைய செங்கல் கட்டடத்தை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். முன்சுவரை மட்டும் இரும்பால் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, பின்னால் கொண்டோ மாடிவீடுகளுக்குக் கிடங்கு தோண்டியிருந்தார்கள். இறங்கத் தேவையே இல்லை; இறங்கினேன். எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. ரெக்ஸ்டேல், மோர்னிங்சைட், மார்க்கம் என்று வீடு மாறியே தலை நரைத்தவள். மார்க்கம் வீட்டையும் விற்போம் என்று என் மனுசனை நச்சரித்துக்கொண்டிருந்ததும் நான்தான்.

அந்தக் கட்டடத்தில் என்னோடு வேலை செய்தவர் சிவம் அண்ணை. யாரைக் கண்டாலும் எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்று விசாரித்தால்தான் அவருக்கு நிம்மதி. சனிக்கிழமைகளில் டொரத்தி என்ற அம்மையார் ஆட்களுக்குக் கட்டடத்தைச் சுற்றிக்காட்டுவார். அதைக் கட்டியவர் போன நூற்றாண்டுக்கும் முந்திய ஓர் அமெரிக்கர். செத்த மனிதரையும் அண்ணை விடவில்லை. தகப்பன் என்ன தொழில், எத்தனை சகோதரம் என்று என்னைக்கொண்டு கேட்பித்தார். என் ஆங்கிலமோ அப்போது பாதி காது, பாதி கற்பனை.

தகப்பன் கல் கொத்துகிறவராம். வேலை தேடி ஊர் ஊராக அலைந்த குடும்பம். ஒரே தம்பி, மீசை முளைக்காத வயதில் மேற்கே பொன் தேடிப் போனவன், பிறகு சேதியே இல்லை. ஊருக்கெல்லாம் மாளிகை கட்டியவர், தான் மட்டும் தகப்பனின் பலகை வீட்டைவிட்டு அசையவில்லை. தம்பிக்கு அந்த வீடுதானே தெரியும் என்றார் டொரத்தி.

அண்ணை வாளியைக் கீழே வைத்தார்.

"தம்பி திரும்பி வந்தவனோ எண்டு கேளும்."

டொரத்திக்குத் தெரியவில்லை. அடுத்த சனியும் கேட்கச் சொன்னார், அதற்கடுத்த சனியும். எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அண்ணையின் மோர்னிங்சைட் அப்பார்ட்மென்டில் லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாது. மார்க்கத்தில் மகள் அறை ஒழுங்குபடுத்தி வைத்துக்கொண்டு கெஞ்சியும் அவர் போகவில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். போர் முடிகிற மாதங்களில் அவருடைய தம்பி வன்னியிலிருந்து கடைசியாகக் கதைத்தபோது, அந்த விலாசத்தைத்தான் எழுதிக்கொண்டானாம்.

"நான் எழும்பிப் போனா அவன் வந்து ஆருடைய கதவைத் தட்டுறது, தங்கச்சி?"

சென்ற வாரம் அந்த இடிபடுகிற கட்டடத்தின் வேலியோரம் நின்று என் மகளுக்கு அழைத்து, அந்தக் கட்டடக்காரரைப் பற்றி இன்டர்நெட்டில் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வாசித்துச் சொன்னாள்.

"அம்மா, த பிரதர் கேம் பாக். கிழவனாகித்தான் வந்தவராம். அண்ணன்தான் கதவு திறந்தவராம்."

சந்தோசத்தில் போனில் சிவம் அண்ணையின் பெயரைத் தேடி எடுத்தும் விட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. அண்ணை போன விண்டரில் செத்துப்போனார். செத்தவீட்டில் நானும் நின்றேன். அந்த வேலிக்கு முன்னால் நின்று அழுதேன். அவருடைய அப்பார்ட்மென்டில் இப்போது வேறு சனம்.

மறுநாளே மோர்னிங்சைட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சொன்னதை விளங்கிக்கொண்டாள். வயதான தமிழர் ஒருவர் அண்ணனைக் கேட்டு வந்தால் கொடுக்கச் சொல்லி, என் மார்க்கம் விலாசத்தை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீடு விற்கிற கதை இனி வேண்டாம் என்று மனுசனிடம் சொல்லிவிட்டேன். எனக்கு என்ன பிடித்துவிட்டது என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.