தபால் பெட்டிக்கு இடது பக்கம்

கச்சேரி ரோடு லஸ்ஸைத் தொடுவதற்குச் சற்று முன்னால், ஒரு சந்து முனையில், சிவப்புத் தபால் பெட்டி ஒன்று நின்றது. பந்தாட்டம் இருக்கிற சாயங்காலங்களில் அப்பாவும் நானும் சாந்தோமிலிருந்து அதுவரை ஒன்றாக நடப்போம். பெட்டியின் பக்கத்தில் நின்று அப்பா என் தலையில் ஒரு தட்டு தட்டி, "இனிமே நீ யாரோ, நான் யாரோ" என்பார். அவர் வலது பக்கம் திரும்புவார். திடலில் நாற்காலி போட்ட பக்கம் அது. நான் இடது பக்கம், மணல் பக்கம். ஆட்டம் முடிந்ததும் மறுபடி அதே பெட்டி. ஜெயித்தவர் தோற்றவருக்கு வறுத்த வேர்க்கடலை வாங்கித் தர வேண்டும். தோற்றவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் அதைத் தின்ன வேண்டும். கொறித்துக்கொண்டே வீடு வந்து சேர்வோம்.

முப்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினாலு வயசு இருக்கும். கான்வென்ட் பள்ளிக்கூடம், இரட்டைச் சடை, வாய் அதிகம்.

அப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. கம்பெனிக்கு ஒரு பந்தாட்டக் குழு இருந்தது. பூட்ஸ் போட்டு ஆடும் குழு. பாதிப் பேர் துரைமார், மீதிப் பேர் சட்டைக்காரர்கள், அதாவது ஆங்கிலோ இந்தியர்கள். அப்பா அந்தக் கட்சி. நான் குப்பத்துக் கட்சி. எங்கள் மாதா கோவிலுக்குப் பின்னால், அலைக்கு எட்டாத தூரத்தில், மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகள் மணலில் பந்து உதைத்து உதைத்து ஒரு குழுவாகியிருந்தார்கள். வெறுங்கால். எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு மீன் கொண்டு வருகிற அக்காவின் மகன் அதில் இடது ஓரம் ஆடினான். அவன் பந்தோடு ஓடுவதைப் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு நாள் பார்த்தேன். அலை திரும்பும்போது மணல் எப்படிக் காலடியில் நழுவும், அப்படி எதிராளிகள் நழுவினார்கள். அன்றைக்கே நான் அந்தப் பக்கம் போய்விட்டேன்.

வீட்டில் சாப்பாட்டு நேரம் போர்க்களம்தான்.

"உங்க ஆளுங்க பந்து உதைக்கறாங்களா, வலை இழுக்கறாங்களா?" என்பார் அப்பா.

"உங்க ஆளுங்க பூட்ஸைக் கழட்டினா மாடிப்படிகூட இறங்கமாட்டாங்க."

"நாலு கோலு. எண்ணிக்கோ, நாலு."

"ரெண்டு பேரும் வாயை மூடிட்டுத் தின்னுங்க, முள்ளு இருக்கு" என்பாள் அம்மா.

அப்பா அப்போது சிரிக்கும் சிரிப்பை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. ஆபீசுக்குப் போகும்போது அவர் முகம் அவர் போட்டிருக்கும் கோட்டு மாதிரியே விறைப்பாக இருக்கும். என்னோடு சண்டை போடும்போது மட்டும் அந்த விறைப்பு போய்விடும். எனக்கு எதிரி என்று இருந்தவர் அவர் ஒருத்தர்தான். அப்படி ஓர் எதிரி வாய்த்ததில் எனக்கு எத்தனை கர்வம்!

கோட்டைச் சொன்னேன் இல்லையா, அதில்தான் எல்லாம் தொடங்கியது.

வெறுங்காலோடு ஆடுகிறவர்கள் கணுக்காலையும் பாதத்தின் மேற்பக்கத்தையும் துணியால் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். விரல்கள் வெளியே இருக்கும். பழைய சேலையைக் கிழித்த துணிதான். ஓட ஓட அது தளரும், இறங்கும், நின்று நின்று கட்ட வேண்டும். ஒரு நாள் மீன்கார அக்கா இதைச் சொல்லிப் புலம்பினாள். அம்மா அப்போது அடுப்பில் அப்பாவின் வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் விளையாட்டாக ஒரு துணிப் பட்டையை அதில் முக்கி வெயிலில் போட்டேன். காய்ந்ததும் தோல் மாதிரி ஆனது. லேசாகத் தண்ணீர் தெளித்துக் காலில் சுற்றிக் காயவிட்டால், அச்செடுத்தாற்போல் பிடித்துக்கொண்டது. அக்காவின் மகன் அதைக் கட்டிக்கொண்டு தரையை ஓங்கி ஓங்கி மிதித்துப் பார்த்தான். "இறங்கவே மாட்டேங்குதும்மா!" என்றான்.

அதற்குப் பிறகு குழுவின் துணி முழுக்க என் கைக்கு வந்தது. குப்பத்து வீடுகளிலிருந்து பழைய சேலைகள் வரும். நான் கிழிப்பேன், முக்குவேன், கொடியில் போடுவேன். ஒரே பானைக் கஞ்சி. ஒரே கொடியில் அப்பாவின் கோட்டு, பக்கத்தில் எங்கள் பட்டைகள். அப்பா குனிந்து அவற்றுக்கு அடியில் போய் வருவார். "எதிரி முகாமுக்குள்ள எங்க வீட்டு அரிசி போவுது, அம்மாடி" என்பார்.

திடலில் மீன்காரப் பெண்கள் எனக்கு முன்வரிசையில் இடம் விடுவார்கள். "கஞ்சிப் பாப்பா வந்திருச்சி, நவுந்துக்கோங்க!" குமாஸ்தா வீட்டுப் பெண்ணை, கான்வென்ட்டில் படிக்கிற பெண்ணை, மீன் கூடைகளுக்கு நடுவில் தங்களில் ஒருத்தியாக நிற்க வைத்தது அந்தப் பட்டைகள்தான். அந்த இடம் வேறு எதைக் கொடுத்தும் எனக்குக் கிடைத்திருக்காது. எனக்கு அது தெரிந்தே இருந்தது.

அந்த வருஷம் குழு ஜெயித்துக்கொண்டே வந்தது. கேடயத்துக்கான கடைசி ஆட்டத்தில் எதிரே நின்றது அப்பாவின் கம்பெனி.

அன்று காலை முழுவதும் பட்டைகளைச் சுருட்டி மூட்டை கட்டினேன். அம்மாவின் பச்சைக் கட்டம் போட்ட சேலையும் அதில் போயிருந்தது. இடது ஓரக்காரனுக்கு என்று அதை ஒதுக்கி வைத்தேன். சாயங்காலம் கிளம்பும்போது அப்பா, "கனமா இருக்கும், குடு" என்று மூட்டையை வாங்கிக்கொண்டார். கச்சேரி ரோடு முழுக்க அவர்தான் சுமந்து வந்தார். மாசி மாசத்து வெயில். மழை பெய்து வெகுநாள் ஆகியிருந்தது; மாட்டு வண்டிகள் கிளப்பிய தூசி எங்களுக்கு முன்னால் பொன்னாக எழுந்து எழுந்து அடங்கியது. அவர் வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறக்கவில்லை. தோற்றுவிடுவோம் என்ற பயம், என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

தபால் பெட்டி வந்தது. மூட்டையை என் கையில் கொடுத்தார். தலையில் தட்டினார். "இனிமே நீ யாரோ, நான் யாரோ."

திடலுக்குள் கால் வைத்தேன். சேறு.

முதலில் எனக்குப் புரியவில்லை. வானத்தைப் பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் கிடையாது. சுற்றிலும் ரோடெல்லாம் தூசி. திடல் மட்டும் நடவுக்குத் தயாரான வயல் மாதிரி பளபளத்தது. செம்மண், வழவழவென்று. ஓரத்தில் தண்ணீர் வண்டி நின்றது. ரோட்டில் தூசி அடங்கத் தெளிக்கிற மாட்டு வண்டி. பிள்ளைகள் அதற்குள் என் கையிலிருந்த மூட்டையை வாங்கிப் பிரித்து வரிசையாக உட்கார்ந்து காலில் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் யோசிக்கவில்லை. ஒவ்வோர் ஆட்டமும் ஜெயித்துத் தந்த துணி. அதைக் கட்டாமல் இறங்குவது அவர்களுக்குச் சிலுவைக்குறி போடாமல் கடலில் இறங்குவது மாதிரி. நானும் யோசிக்கவில்லை.

கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஈரம் ஏறியதும் கஞ்சி கரைந்தது. பட்டைகள் பசையாகி வழுக்கின, நெகிழ்ந்தன, சேற்றைப் பூசிக்கொண்டு காலிலிருந்து வாழைச்சருகுபோல் தொங்கின. பிள்ளைகள் நிற்க முடியாமல் விழுந்தார்கள். பூட்ஸ்காரர்கள் ஆணி வைத்த அடிகளை ஊன்றி நின்று நிதானமாக ஒரு கோல் போட்டார்கள்.

"இன்னாடா இது, நண்டு மாதிரி ஊந்துகினு கீறானுங்க!" என்று ஒருத்தி கத்தினாள்.

பிறகு அக்காவின் மகன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான். இடது ஓரம் முழுக்க. ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனைத் தாண்டினான். எதிரே கோல்கீப்பர் மட்டும். மணல் பக்கம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அப்போது அவன் கணுக்காலிலிருந்து பச்சைக் கட்டம் பிரிந்தது. பின்னால் வால் மாதிரி நீண்டது. துரத்தி வந்தவனின் பூட்ஸ் அதன் மேல் விழுந்தது. அம்மாவின் சேலை அவன் காலைப் பிடித்து இழுத்தது.

அவன் எழுந்திருக்கவில்லை.

நாற்காலிப் பக்கமிருந்து சிரிப்பு எழுந்தது. திரும்பிப் பார்த்தேன். கம்பெனித் துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் தலைமைக் குமாஸ்தா. அவருக்குப் பின்னால், நாற்காலி இல்லாமல் நின்றபடி, என் அப்பா. அவரும் சிரித்தார். எங்கள் வீட்டுச் சிரிப்பு இல்லை அது. வேறு யாரோ கழற்றிக் கொடுத்ததை வாங்கி மாட்டிக்கொண்டவர்போல் இருந்தார்.

இடைவேளையில் பட்டைகளை எல்லோரும் பிய்த்து எறிந்தார்கள். அக்கா, தன் மகனின் காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் இளநீர்க்காய் மாதிரி வீங்கியிருந்தது. அவள் நிமிர்ந்து தண்ணீர் வண்டிக்காரனைப் பார்த்தாள்.

"அடப்பாவி, உன் கை வெளங்குமா? இம்மாந் தண்ணி எதுக்குய்யா ஊத்துனே?"

"என்னை ஏம்மா திட்டறே? தொரை பக்கத்துல குந்திகினு கீறாரே, அந்த ஆபீசுக்காரர் வந்து ஊத்தச் சொன்னாரு. தூசி பறக்குதாம், தொரை மூஞ்சில அடிக்குமாம். காலைலேருந்து நடை நடையா அடிச்சிகினு கீறேன். போதும் சாமின்னா உடமாட்டேங்கறாரு. சிரிச்சிகினே சொல்றாரு, 'ஊத்து ஊத்து, கஞ்சி கரையட்டும்'னு. எனக்கு ஒரு எழவும் புரியல. இன்னா கஞ்சி?"

அக்கா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

கஞ்சி எங்கள் வீட்டு அடுப்பில் கொதித்தது. எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்தது. துறைமுகத்துக் கம்பெனிக்கும் அந்தக் கொடிக்கும் நடுவில் தினமும் போய் வருகிற மனிதர் ஒருவர்தான். முன்வரிசையில் நின்றிருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. யாரோ ஒருத்தி, "புள்ளைக்கு இன்னா தெரியும், உடு" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த ஒரு கோலிலேயே ஆட்டம் முடிந்தது. கேடயம் நாற்காலிப் பக்கம் போனது.

தபால் பெட்டியருகே அப்பா காத்திருந்தார். கையில் கடலைப் பொட்டலம்.

"கஞ்சியைப் பத்தி யார்கிட்டப்பா சொன்னீங்க?"

அவர் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். "சும்மா... டிபன் நேரத்துல. எல்லாரும் சிரிச்சுப் பேசிட்டிருந்தாங்க. அந்தப் பசங்க கால்ல சோறு கட்டிக்கிட்டு ஆடறாங்கன்னேன். தொரை அப்படிச் சிரிச்சாரு. என் தோள்ல கையைக்கூடப் போட்டாரு. அவ்ளோதான். தண்ணி விடுவாங்கன்னு நான் கண்டேனா?"

"எப்போ தெரிஞ்சுது?"

அவர் ஒரு கடலையை எடுத்துத் தோலைத் தேய்த்து ஊதினார்.

"இங்கே என் தலையில தட்டினீங்களே, அப்போ தெரியுமா?"

"ஆறிடும், சாப்பிடு" என்றார் அப்பா.

மூட்டையைச் சுமந்து வந்த தோள். துரை கை வைத்த தோள். இரண்டும் ஒரே தோள். அவர் அந்தச் சிரிப்புக்கு ஏங்கியதை இன்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. வருஷக்கணக்காகப் பின்வரிசையில் நின்றவரை ஒருவர் திரும்பிப் பார்த்திருக்கிறார். அது புரிகிறது. ஆனால் கச்சேரி ரோடு? அந்த நீளம் முழுக்க என் பக்கத்தில் நடந்தாரே, கரையப்போகிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு? ஒரு வார்த்தை போதுமே, "கட்ட வேண்டாம்னு சொல்லு" என்று. வெறுங்காலோடு ஆடித் தோற்றிருப்போம், அல்லது ஜெயித்திருப்போம். நடுவயசு தாண்டிய பிறகும் மனம் அந்த ரோட்டில் போய் நின்றுகொள்கிறது. ஒவ்வொரு கடையாக, ஒவ்வொரு விளக்குக் கம்பமாகப் பார்க்கிறது: இங்கே சொல்லியிருக்கலாம், இதோ, இங்கேயாவது.

நான் கடலையை வாங்கவில்லை. நான் முன்னால் நடந்தேன், அவர் பின்னால் வந்தார். வீட்டில் அம்மா இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, தட்டுகளைத் தள்ளித் தள்ளி வைத்தாள்.

அக்காவின் மகன் வெகுநாள் கட்டுமரம் ஏறவில்லை. அக்கா மீன் கொண்டு வருவதை நிறுத்தவில்லை. விலையிலோ பேச்சிலோ ஒரு குறையும் வைக்கவில்லை. அடுத்த வருஷம் ஆட்டங்கள் தொடங்கும் முன்னால், கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பழைய துணி இருந்தா குடு கண்ணு. கஞ்சி வாணாம். நாங்களே போட்டுக்கறோம்."

இரண்டு சேலை எடுத்துக் கொடுத்தேன். கிழிக்காமல், முழுசாக. அவள் மடித்துக் கூடையில் வைத்துக்கொண்டாள். அன்றைக்குக் கொடியில் அப்பாவின் கோட்டு மட்டும் காய்ந்தது.

அப்பா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். முதல் ஆட்டத்துக்கு நான் கிளம்பியபோது செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். "இந்த வருஷம் நான் உன் கட்சி" என்றார். அவர் மட்டும் பேசிக்கொண்டே வந்தார்: யார் கோலில் நிற்கிறான், இடது ஓரக்காரன் கால் சரியாகிவிட்டதா, கம்பெனிக்காரர்களை இந்தத் தடவை பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அவரோடு சண்டை போட வேண்டும்போல் இருந்தது. பழைய சண்டை, நாலு கோல் சண்டை. அதற்கு எதிரே ஆள் வேண்டுமே.

தபால் பெட்டி வந்தது. அவர் நிற்கவே இல்லை. என்னோடு இடது பக்கம் திரும்பினார்.

நான்தான் நின்றேன். "இனிமே நீங்க யாரோ, நான் யாரோ" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். பழைய விளையாட்டை நான் மறுபடி தொடங்கிவிட்டதாக நினைத்திருக்க வேண்டும், முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று. எங்கள் வீட்டுச் சிரிப்பு, அதேதான். சிரித்துக்கொண்டே, மணல் பக்கம், எனக்கு முன்னால் நடந்தார்.