தட்டச்சுக்கடை அக்கா

சேந்தமங்கலத்தில் மனு தட்டித் தரும் கடை வைத்திருந்தார் அந்த அக்கா. தடித்த கண்ணாடி, விசைகளைப் பார்க்காமலே பழைய டைப்ரைட்டர் விசை வரிசை முறையில் தமிழைப் படபடவென்று தட்டுவார். வைரஸ் வந்து அவர் கணினி படுத்தபோது, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் மேல் பைத்தியமான நான் வலியப் போய், விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டுக் கொடுத்தேன்.

"டைப்ரைட்டர் முறை வருங்களா?" என்று கேட்டார்.

தேடிப் பார்க்காமலே, "இதுல இல்லீங்க்கா, புதுசைப் பழகிக்குங்க" என்றேன்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தார். பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்களாம். கூச்சத்தோடு கணினியின் அமைப்புகளைத் துழாவினேன். டைப்ரைட்டர் முறை முதலிலிருந்தே அங்கே இருந்திருக்கிறது. மாற்றிக் கொடுத்தேன்.

"இது முன்னயே இருந்துச்சுங்களா சாமி?"

"இல்லீங்க்கா, இப்பத்தான் வந்துச்சு."

"எனக்காவத் தேடிக் கொண்டாந்தீங்களே, நல்லாருங்க சாமி."

உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவர் திட்டியிருக்க மாட்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.