சின்னம்மா நெஞ்சுக்குள் போன நூல்

என் எட்டாவது வயதில் ஒரு வருஷம் முழுக்க நான் சின்னம்மாவைக் கொன்றுகொண்டிருந்தேன். அப்படித்தான் நம்பினேன்.

குமாரபாளையத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தறிகள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் புதுத் தாரை, அதாவது நூல் சுற்றிய குச்சியை, மாட்டியதும், நாடாவின் சிறு ஓட்டையில் வாயை வைத்து உறிஞ்சித்தான் நூலை வெளியே இழுப்பார்கள். சித்தப்பாவின் தறிக்கு அதைச் செய்து கொடுப்பவள் சின்னம்மா. ஒருநாள் அவள் உறிஞ்சும் நேரம் பார்த்து இடுப்பில் கிச்சுக்கிச்சு மூட்டினேன். இருமத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. கடைசியில் முந்தானையில் ரத்தம் தெரிந்தது.

அம்மா ஓடி வந்தாள். "ஒண்ணுமில்லீங்க அக்கா. புள்ளை கிச்சுக்கிச்சு மூட்டுச்சு, நூலு உள்ளே போய் அறுத்துருச்சுங்க" என்றாள் சின்னம்மா. பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "ஆரு கேட்டாலும் நூலுன்னே சொல்லோணும் சாமி" என்றாள்.

கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். சொன்ன இடத்திலெல்லாம் குட்டு வாங்கினேன். நூலை இறக்க வெறுஞ்சோற்றை உருட்டிக் கொடுத்தார்கள். சின்னம்மா மறுக்காமல் விழுங்கினாள். ஆனாலும் அவ்வப்போது ரத்தம் வந்தது. ஆள் இளைக்கவில்லை, காய்ச்சலும் இல்லை. மடியில் படுத்தால் வலது பக்கத்து நெஞ்சில் மட்டும் சன்னமாக விசில் கேட்கும். என் நூல்தான் ஊதுகிறது என்று நடுங்குவேன்.

மறு வருஷம் சித்தப்பா அவளை மதராஸுக்கு அழைத்துப் போனார். அங்கே டாக்டர் வாய்வழியாகக் குழாய் விட்டு, மூச்சுக்குழாயிலிருந்து சுண்டைக்காய் அளவு கட்டி ஒன்றை எடுத்தாராம். மிக மெதுவாக வளரும் ஜாதியாம், பல வருஷமாக இருந்திருக்குமாம், யாருக்கும் ஒட்டாதாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அப்ப நூலு?" என்று சின்னம்மாவிடம் கேட்டேன்.

"நூலே போகலை சாமி. நீ கிச்சுக்கிச்சு மூட்டறதுக்கு முந்தியே ரத்தம் வந்துட்டுத்தான் இருந்துச்சு."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அத்தனை குட்டும் எதற்கு? ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

நான் கிச்சுக்கிச்சு மூட்டியதற்கு முந்தின ஆடியில், எதிர்வீட்டு மருமகளுக்கு இருமலில் ரத்தம் வந்தது. க்ஷயம், மற்றவர்களுக்கும் ஒட்டும் என்று தட்டையும் டம்ளரையும் தனியே வைத்தார்கள். பால்குடிப் பிள்ளையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அவளைப் பிறந்த வீட்டுக்கு வண்டி ஏற்றினார்கள். அழுதுகொண்டே போன அவளை வாசலில் நின்று நானும் சின்னம்மாவும்தான் பார்த்தோம். சின்னம்மா அப்போது தன் ஆறு மாதக் குழந்தையை இடுப்பில் இறுக்கி வைத்திருந்தாள். குழந்தை வலித்து அழுதது. இவள் எதற்கு இப்படி இறுக்குகிறாள் என்று நினைத்தேன்.