கலைவாணியும் நானும் பார்த்த சாமுராய்

'கிர்ர்க்... கிர்க்... கிர்ர்க்' என்று எதையோ பின்னுக்கு இழுத்து இழுத்து விடுவது போன்ற ஒரு சத்தம் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்து முதன்முதலாக வந்தபோது, சிடியில் கீறல் விழுந்துவிட்டது என்று நினைத்து அப்பா அதை வெளியே எடுத்து, வாயால் ஊதி, கைலி நுனியால் துடைத்து மறுபடி போட்டார். மறுபடியும் அதே சத்தம்தான். திரையில் கொண்டை முடிந்த ஒருவன் உருவிய வாளோடு வயல்வரப்பில் நடந்து வந்துகொண்டிருந்தான். பின்னணியிலோ, ஜாசின் டவுனில் இளவட்டங்கள் காரில் அலறவிட்டுக்கொண்டு போகிற ராப் மாதிரிப் பாட்டு. சாமி படத்துக்கு டிஸ்கோ போட்ட மாதிரி இருக்கிறது என்று அப்பா எழுந்து போய்விட்டார். நானும் கலைவாணியும் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

மலாக்கா மாநிலத்தில் நியாலாஸ் பக்கத்தில் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். எங்களுக்கு அப்போது பதினோரு வயது. கலைவாணி எங்கள் லயத்தில், தொழிலாளர்களுக்கென்று கட்டிய வீட்டு வரிசையில், இரண்டு வீடு தள்ளி இருந்தவள். அவளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். அவள் அப்பா செம்பனைப் பழ லாரி ஓட்டினார். 'பாசார் மாலாமில்', அதாவது வாரம் ஒருமுறை போடும் சந்தையில், பிள்ளைகள் படம் என்று நம்பி என் அப்பா வாங்கி வந்த அந்தத் தொடரில் எசமானை இழந்த ஒரு சாமுராய் பல நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஜப்பானில் ஊர் ஊராக நடக்கிறான். அவனோடு வாய் ஓயாத ஒரு பெண்ணும் நடக்கிறாள். பேச்சு ஜப்பானியம், கீழே ஓடும் எழுத்து மலாய், தாளம் மட்டும் இன்றைக்கு உள்ளது. அரண்மனையும் பஞ்சமும் வரிவசூலும் வருகிற வரலாற்றுக்குள் அந்த 'கிர்க் கிர்க்' புகுந்தவுடன், செத்துப்போனவர்கள் எழுந்து பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டது போல எங்களுக்கு இருக்கும். கலைவாணி அந்தத் தாளத்தை வாயாலேயே போடுவாள். குளிக்கும் தண்ணீர்த் 'தோம்பில்' இரண்டு கையாலும் தட்டி, மாரியம்மன் திருவிழாவில் கேட்ட உறுமி அடியை அதோடு கலந்து, வேலை வாங்கும் மண்டோரையும் மழையையும் சேர்த்து வரி கட்டிப் பாடுவாள். தப்புத் தப்பாகக் கலந்தால்தான் நன்றாக இருக்கிறது என்பது அவள் கட்சி.

ஒரு பாகத்தில் நெடுஞ்சாலையின் குறுக்கே பெரிய மரக்கதவு. காவலர்கள் வழிப்போக்கர்களை நிறுத்திக் கடுதாசி கேட்கிறார்கள். இல்லாதவர்களைத் திருப்பி விரட்டுகிறார்கள்.

"அந்தக் காலத்துலயே ஐசி கேட்டிருக்காங்க பாரேன்" என்றாள் கலைவாணி.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது என்பது எனக்கு அன்று மாலைதான் தெரிந்தது. அவள் அம்மாவுக்கும் ஐசி என்கிற அடையாள அட்டை இருந்ததில்லை. கோயிலில் கட்டிய தாலியை எந்த அலுவலகத்திலும் பதியவில்லை. பிள்ளை லயத்திலேயே பிறந்து, எந்தப் புத்தகத்திலும் ஏறாமல் வளர்ந்துவிட்டது. அவள் அப்பா பதிவு அலுவலகத்துக்கு நடந்த நடைக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் இன்னொரு கடுதாசி கொண்டு வரச் சொன்னார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் இரக்கப்பட்டு அவளைச் சேர்த்துக்கொண்டதால் ஆறாம் ஆண்டு வரை படித்தாள். டவுனில் இருந்த இடைநிலைப்பள்ளியில் அந்த இரக்கம் செல்லவில்லை.

நான் வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையுமாகப் பள்ளிப் பேருந்தில் ஏறும் நேரத்தில் அவள் சாக்கோடு உதிரிப் பழம் பொறுக்கப் போவாள். சனிக்கிழமைகளில் மட்டும் பழையபடி என் வீட்டுக்கு வருவாள். என் வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டி, மலாக்கா சுல்தான்களின் வரிசையை என்னைவிட வேகமாக மனப்பாடம் செய்து, தோம்புத் தாளத்தில் ஒப்பிப்பாள். பரீட்சை எழுதாத பிள்ளை எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது. "படிப்பு ஏறுது, பேர் ஏறலையே" என்று என் அம்மா பெருமூச்சு விடுவார்.

எங்களுக்குப் பதினெட்டு வயதானபோது அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். மலாக்காவில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் சேர்க்கும் குத்தகைக்காரர் அடையாள அட்டையின் நகல் மட்டும் போதும் என்கிறாராம். என்னுடையதைத் தர முடியுமா என்றாள். நான் பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத்தில் இருந்தேன், பெரிய மனசு உள்ளவள் என்று என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். கொடுத்தேன். அவள் என் பெயரில், ராஜேஸ்வரியாக, வேலைக்குப் போனாள். முதல் விடுமுறையில் வந்தபோது, "அங்க எல்லாரும் ராஜேசு ராஜேசுன்னு கூப்பிடுறாங்க லா, திரும்பிப் பாக்கவே மறந்துடுறேன்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்திருந்தாள்.

ஏழெட்டு மாதம் கழித்து, நான் காலடி வைக்காத அந்தத் தொழிற்சாலையில் நான் வேலை செய்வதாகத் தொழிலாளர் சேமநிதியிலிருந்து என் பெயருக்குக் கடிதம் வந்தது. அப்போதுதான் ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தேன். அம்மா என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை.

"நம்மகிட்ட இருக்கிறது அந்த ஒரு அட்டைதான். அதையும் தொலைச்சிட்டு நிக்காதே" என்றார்.

கலைவாணியைக் கூப்பிட்டு நானே சொல்லியிருக்கலாம். வேலையிலிருந்து அவளாக நின்றுகொள்ள ஒரு வாரம் கொடுத்திருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல், குத்தகைக்காரரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, அந்த ராஜேஸ்வரி நான் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். மறுநாள் காலையே அவளைப் பையோடு விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். வீட்டுக்கு வரப் பேருந்து நிலையத்தில் அவள் காத்திருந்த நேரத்தில் குடிநுழைவு அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். ஐசி கேட்டார்கள். இங்கே பிறந்தவள் என்று மலாயில் சொன்னாளாம், பள்ளியின் பெயரைச் சொன்னாளாம், தோட்டத்தின் பெயரைச் சொன்னாளாம். லாரியில் ஏற்றினார்கள்.

தடுப்பு முகாமில் ஐந்து மாதம் இருந்தாள். அவள் அப்பா கோயில் தலைவரின் கடிதத்தையும் பழைய தலைமையாசிரியரின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு மாறி மாறி அலைந்தார். எந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது என்று தெரியாமல் கடைசியில் விட்டார்கள். பேன் பிடித்ததென்று தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கன்னம் ஒட்டிப்போய், லயத்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளை நான்காம் நாள்தான் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கப் பேச்சை எப்படி எடுப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அவளே முந்திக்கொண்டாள்.

"நீ உன் பேரைத்தானே திருப்பிக் கேட்ட. என் பேரையா கேட்ட?"

கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. படம் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். அதன்பின் அவள் தாளம் போட்டோ பாடியோ நான் கேட்கவில்லை. எனக்குப் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு அவள் அப்பா லாரியிலேயே மாரடைப்பில் போனார். காரியம் முடிந்த கையோடு, முகாமில் பழக்கமான ஓர் அக்காவுடன் மலையில் காய்கறித் தோட்ட வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டாள். அங்கே குளிர் என்றாள், யாரும் எதுவும் கேட்பதில்லை என்றாள். மூன்றாம் தடவை நான் கூப்பிட்டபோது அந்த எண் பயன்பாட்டில் இல்லை. இரண்டு பள்ளி விடுமுறைகளில் மலைக்குப் போய், தோட்டம் தோட்டமாக விசாரித்தேன். அப்படி ஒருத்தியை யாருக்கும் தெரியவில்லை.

இன்று நான் சிம்பாங் அம்பாட்டில் வரலாற்று ஆசிரியை. எங்கள் லயத்தை இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். தமிழ்ப்பள்ளி டவுனுக்கு மாறிவிட்டது. சிடி விற்றவர்களும் போய்விட்டார்கள். போன மாதம் இடைவேளையில் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் கைப்பேசியைச் சுற்றிக் கூடியிருந்தார்கள். சாமுராய், வாள், கூடவே அந்தத் தாளம். ஜப்பானில் அப்போதே ராப் பாடினார்களா டீச்சர் என்று ஒரு பெண் கேட்டாள். அந்த வாரமே, பதினான்கு வருடம் தள்ளிப்போட்ட காரியத்தைச் செய்யக் காவல் நிலையத்துக்குப் போனேன்.

முகப்பில் இருந்தவர் நம் தமிழ்ப் பெண்தான், மரியாதையாக உட்கார வைத்தார். காணாமல் போனவரின் ஐசி எண் என்ன என்றார். இல்லை என்றேன். பாஸ்போர்ட், பிறப்புப் பத்திரம், ஏதாவது? இல்லை என்றேன். சொந்தக்காரர்? யாரும் இல்லை. கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"நம்பர் இல்லாம இதுல ஒண்ணுமே ஏத்த முடியாதுக்கா. ஏதாச்சும் நம்பர் கெடைச்சா கொண்டு வாங்க."

நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். வெளியே வந்து, வெயிலில் காரின் கதவைத் திறக்கும்போதுதான் உறைத்தது, அவள் பெயர் என்ன என்று அவர் கேட்கவே இல்லை, நானும் சொல்லவில்லை.