காலியாக இராத நாற்காலி

டென்மார்க்கின் ஒடென்சே நகர ரயில் நிலையத்திலிருந்து திரும்பி நடந்துகொண்டிருந்தேன். நான் கொங்கா மேளம் வாசித்த குழு வட யூட்லாந்துக்கு வண்டி ஏறிவிட்டது. கோடை முழுக்க அங்கே ஒரு ஹொட்டலில் தங்கி வாசிப்பு. நான் ஏறவில்லை.

குழுவை நடத்தியவர் நைஜீரியாவிலிருந்து வந்த லாகோஸ்காரர், கிட்டார் வாசிப்பவர். டேனிஷ் வகுப்பில் என் பக்கத்து மேசை. நான் இலங்கையில் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பைலா என்கிற துள்ளலிசை வாசிக்கும் குழுக்களோடு ஊரூராக மேளம் அடித்துத் திரிந்தவன் என்று சொன்னதும் ஒத்திகைக்குக் கூட்டிப்போனார். முதல் நாள் அவர்கள் ஊர் ஹைலைஃப் இசைப் பாட்டுக்கு என் கை பைலா அடித்தது. கிட்டாரை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"நாங்கள் நடக்கிறோம், நீ துள்ளுகிறாய்."

அவர் பேச்சில் எப்போதும் ஒருவர் வருவார். லாகோஸில் அவர் முன்பு வாசித்த குழுவின் தலைவர். வாத்தியக்காரனைப் பிச்சைக்காரனாகப் பார்த்த ஊரில் தன் ஆட்களுக்குக் கோட்டுப் போட்டு மேடையேற்றியவராம். மின்சாரக் கிட்டாரை அந்த ஊர்க் காதுகளுக்குப் பழக்கியவராம். பிறகு நைஜீரியாவில் சொந்தக் குழு நடத்திப் பெயரெடுத்த பலர் அவரிடம் வாசித்தவர்கள்.

எனக்கு அந்தக் குழுவில் நிற்க மிகவும் பிடித்திருந்தது. வேறு எங்கும் என்னை யாரும் தேடவில்லை. ஆனால் விலாசம் மாறினால், மனைவியை டென்மார்க்குக்குக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் வரிசையின் கடைசிக்குப் போய்விடும் என்று அகதிகளாக வந்த எங்கள் ஆட்களிடையே ஒரு பேச்சு. யார் சொன்னதென்று தெரியாது. அதற்குப் பயந்தே ஓர் அறையில் நாலு பேர் கிடந்தோம். எங்கள் எல்லாருடைய விண்ணப்பங்களும் அமைச்சு மேலிடத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டிருந்தன, எங்கே இருந்தாலும் ஒன்றுதான் என்பது வெளியே வரச் சில வருடங்கள் ஆயின.

வண்டி புறப்படுமுன் லாகோஸ்காரரிடம் கேட்டேன்.

"நீங்கள் திரும்பி வரும்போது என் இடம் இருக்குமா?"

"இராது. எங்கள் தலைவர் யாருக்கும் நாற்காலி பிடித்து வைத்ததில்லை. ஒருவன் எழும்பினால் அடுத்தவன் உட்காருவான். அப்படித்தான் எங்கள் நாட்டில் இத்தனை பேர் வாசிக்கப் பழகினார்கள்."

கோபமில்லாமல்தான் சொன்னார். கையைக் குலுக்கிவிட்டு ஏறிக்கொண்டார்.

அறைக்கு வந்தபோது கட்டிலில் படுத்திருந்த நண்பன் தலையைத் தூக்கினான்.

"என்ன மேளகாரர், ஸ்டேஷனில கோச்சி விட்டிட்டுப் போட்டுதோ?"

"நான் போகேல்லை."

"மனிசி கொழும்பு லொட்ஜில கிடக்க, இவர் கோட்டுப் போட்டு ஆடுறார் எண்டு நாங்கள் கதைச்சதுக்கோ?"

"உங்கட கதைக்கு ஆர் நிண்டது? அவவுக்காகத்தான்."

அவன் எழும்பி உட்கார்ந்தான். "அப்ப நாளைக்கு என்னோட வா மச்சான். பூந்தோட்டத்தில ஆள் தேவையாம். இஞ்ச சும்மா இருந்தா சுவரோட கதைக்கத் தொடங்கிடுவாய்."

மறுநாள் காலை அவனோடு பஸ்ஸில் போனேன். நகரத்துக்கு வெளியே நீளமான கண்ணாடிக் கூடங்கள். அவனை ஒன்றுக்கு அனுப்பினார்கள், என்னை இன்னொன்றுக்கு. சின்னச் செடிகளைப் பெரிய சட்டிக்கு மாற்றி, சுற்றிவர மண்ணை விரலால் அழுத்துகிற வேலை. என் மேசையில் வேறு யாரும் இல்லை. விலாசம் மாறாத வேலை, ஏற்றுக்கொண்டேன்.