அய்யாவு பின் சீட்டில் போன கல்யாணம்

ரிச்சர்ட்ஸ் டவுன் தியோடருக்கு மரக்கிடங்கு மூன்று, கருத்து முப்பது. கார் விஷயத்தில் மட்டும் இரண்டே கருத்து. பின் சீட்டில் சாய்ந்தால் தூக்கம் வர வேண்டும் என்பது ஒன்று. வளைவில் திரும்பினால் வந்த தூக்கமும் ஓட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே காரில் எதிர்பார்த்து ஆறு மாதமாக வீட்டில் எல்லோர் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தார்.

அவருடைய டிரைவர் அய்யாவு, கோலார் தங்கவயல்காரன். அப்பா சுரங்கத்துக்குள் ஆயுசைக் கழித்தவர். மகன் தரைக்கு மேலேயே பிழைப்பது என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். பதினோரு வருஷமாகக் காரின் பின் சீட்டைத் தினமும் துடைத்தவன், அதில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. கூடாதென்று யாரும் சட்டம் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

1955இல், சீமைக்குத் திரும்பும் இரண்டு வெள்ளைக்காரர்களின் கார்கள் விலைக்கு வந்தன. ஒன்று பியூக், மெத்தை போட்ட கட்டிலுக்குச் சக்கரம் வைத்த மாதிரி. இன்னொன்று ஜாகுவார், ஓட்டுகிறவனை மனதில் வைத்துச் செய்தது.

“ஜாகுவார் வாங்கினா நானேதான் ஓட்டுவேன் அய்யாவு. இங்கிலாந்துல பெரிய மனுஷங்கள்லாம் அவங்களேதான் ஓட்டுறாங்களாம், பத்திரிகைல போட்டிருக்கான்” என்றார் தியோடர். அப்புறம் அய்யாவு என்ன செய்வான் என்று பத்திரிகையில் போட்டிருக்கவில்லை.

ஓட்டிப் பார்ப்பதற்காக ஜாகுவாரைத் தரகர் அப்பாதுரையிடமிருந்து கொண்டுவந்தவனே அய்யாவுதான். அன்று சாயங்காலம் அடுகோடியில் இருந்த தன் வீட்டில் பெண்டாட்டி தாயம்மாவிடம் அதன் பெருமையை அளந்தான்.

“காலு வச்சா போதும், இன்னாமா இழுக்குது தெரியுமா!”

“வேல பூட்ச்சுன்னா இந்தக் குடும்பத்த எவன் இழுப்பான்? ஒழுங்கா அந்தக் கட்டில் காரையே வாங்க வையி.”

சரிதான் என்று பட்டது. மறுநாள் பியூக்கைத் தூளி ஆட்டுவதுபோல் ஓட்டினான். கன்டோன்மென்ட் தாண்டுவதற்குள் தியோடர் குறட்டை விட்டார். பாதி வேலை முடிந்தது. அடுத்தது ஜாகுவாரில் மனுஷனைப் பயமுறுத்த வேண்டும். ஒசூர் ரோட்டில் விட்டான் பாருங்கள்! இரண்டாவது வளைவில் தாயம்மாவை மறந்தான், மூன்றாவதில் சம்பளத்தையும் மறந்தான். பின்னாலிருந்து தியோடர் அலறினார்.

“இன்னும்! இன்னும் போ மேன்!”

ஜாகுவாரே வந்தது. கூடவே தியோடருக்கு ஒரு கட்டம் போட்ட தொப்பியும் தோல் கையுறையும் வந்தன. அய்யாவுக்கு மாதக் கடைசி வரை தவணை. “ரிவர்ஸ் மட்டும் இன்னும் சரியா வரல, அதுவரைக்கும் இரு” என்றார்.

அந்த வாரம் பிரேசர் டவுனில் ஒரு கல்யாணம். தியோடரின் மனைவி காலையிலேயே போய்விட்டார். அய்யாவு, போன கிறிஸ்துமஸுக்குத் தியோடர் கொடுத்த பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். வருஷா வருஷம் அவனுக்கு அப்படி ஒன்று கிடைக்கும். அவனிடம் இருந்த நல்ல துணியும் அதுதான். முன் கதவைத் திறக்கப் போனான்.

“பக்கத்துல நீ ஒக்காந்தா நான் என்னமோ கத்துக்குற மாதிரி இருக்கும். பின்னால ஏறு.”

ஏறினான். முதுகைச் சாய்க்கக் கூச்சம். தியோடர் கியர் மாற்றியபோதெல்லாம் அவன் இடது கால் வெறும் தரையை மிதித்தது.

பந்தல் வாசலில், வேலூரிலிருந்து வந்திருந்த பெண்ணின் தாய்மாமன் ஓடிவந்து பின் கதவைத் திறந்தார். அய்யாவு மேல் பன்னீர் தெளித்தார், மாலை போட்டார். பிறகு தொப்பிக்காரரைப் பார்த்தார்.

“டிரைவர், வண்டிய அந்த மரத்தாண்ட ஓரமா வுடுப்பா. உங்க ஆளுங்களுக்கெல்லாம் பின்னாடி பந்தி.”

“ஐயோ, அவருதாங்க தொரை! நான் டிரைவரு!” என்று அய்யாவு பதறினான்.

“பெரிய மனுஷங்க இப்படித்தாங்க தன்னடக்கமா பேசுவாங்க” என்று தாய்மாமன் அவன் கையைப் பிடித்து முதல் வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனார். ரிவர்ஸ் வராத தியோடர் மரத்தடியில் முன்னும் பின்னுமாகக் கால் மணி நேரம் உறுமிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அப்பாதுரைக்கு ஆள் போனது. பியூக் இன்னும் விலைபோகாமல்தான் நின்றிருந்தது.

“முதுகு வலிக்குது அய்யாவு. இந்த வயசுல கம்ஃபர்ட்தான் முக்கியம். நீயே ஓட்டு.”

தாயம்மா கேசரி கிண்டினாள். அய்யாவு ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டான். ஜாகுவாரின் சாவியை யாரோ ஒரு காபி எஸ்டேட்காரரிடம் அவனேதான் கொண்டுபோய்க் கொடுத்தான். திரும்பி வரும் வழியெல்லாம் அழுகை வந்தது, சொல்வதற்கென்ன.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பழைய கோட்டு வரவில்லை. பித்தளைப் பொத்தான் வைத்த காக்கி யூனிஃபார்ம் புதிதாகத் தைத்து வந்தது. அதன் மேல், அவன் தலைக்குக் கொஞ்சம் பெரியதாக, அந்தக் கட்டம் போட்ட தொப்பி இருந்தது.