மைனஸுக்குப் போன ஊசி

பெரியப்பா கார் வாங்கிய வருஷம் எனக்கு ஒன்பது வயது. ஐம்பதுகளின் கடைசி. பழைய கார்தான்; ஆனால் மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் கார் என்பதால், பழசு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அதுவோ வாரத்தில் இரண்டு நாள் காலையில் கிளம்பாது. ஒரு முனகல், அவ்வளவுதான். பெரியப்பா புது பேட்டரி போட்டார். பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றும் டைனமோவுக்குக் கார்பன் மாற்றினார். பெல்ட்டை இறுக்கினார். கார் பத்து நாள் மரியாதையாக இருந்துவிட்டு மறுபடி முனகியது.

கடைசியில் தோப்பும்படியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட்டை எதிர்க் கிடங்கின் சுவரில் அடிக்கச் சொன்னார். எஞ்சின் மெதுவாக ஓடும்போது வெளிச்சம் அழுது வடிந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பளிச்சென்று ஆனது. ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த சின்ன டயலை எனக்குத்தான் காட்டினார். ஊசி பிளஸ் பக்கம் சாய்ந்தால் பேட்டரிக்குக் கரண்ட் ஏறுகிறது, மைனஸ் பக்கம் சாய்ந்தால் பேட்டரியிலிருந்து இறங்குகிறது. எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. பெரியப்பாவுக்குத்தான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"வண்டிக்கு ஒரு கேடும் இல்ல, சாமி. நீங்க ஓட்டற ஓட்டத்துல டைனமோ உறங்கிட்டே இருக்கு" என்றார் மெக்கானிக்.

அது உண்மை. பெரியப்பா கார் எடுப்பது கடைத்தெருவுக்குப் போய் வரத்தான். முன்னால் மிளகு மூட்டை ஏற்றிய கைவண்டி போகும். பின்னால் இவர் ஹார்ன் அடித்துக்கொண்டே நடை வேகத்தில் ஊர்வார். வரவே இல்லாமல் செலவு மட்டும் என்றால் எந்த பேட்டரி தாங்கும்? ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆலுவா வரை வேகமாக ஓட்டிவிட்டு வரச் சொல்லி மெக்கானிக் மருந்துச் சீட்டு எழுதாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆலுவா என்றதும் பெரியம்மா கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அவள் பிறந்த வீடு அங்கேதான். நாலு வருஷம் முன்னால் அங்கே நடந்த ஒரு கல்யாணத்தில் பெரியப்பாவை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளையை! அவர்களாக வந்து கூப்பிடாமல் அந்த வாசப்படி மிதிப்பதில்லை என்று பெரியப்பா சபதம் செய்துவிட்டார். தான் போகாத வீட்டுக்குப் பெரியம்மாவும் போகக் கூடாது என்றார். பெரியம்மாவின் அண்ணாவும் லேசுப்பட்டவர் இல்லை. அவர் வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. இதற்கு நடுவில் பெரியம்மாவின் அம்மா பக்கவாதத்தில் படுத்துவிட்டதாகக் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூவரும் கிளம்பினோம். நான் முன்சீட்டில், ஊசி பார்க்கும் உத்தியோகம். வெலிங்டன் தீவைத் தாண்டி, எறணாகுளம் தாண்டி, கலூருக்கு அப்புறம் வயல் வந்ததும் பெரியப்பா மிதிப்பார். நான் "பிளஸ், பிளஸ்" என்று கத்துவேன். ஆலுவாவில் ஆற்றங்கரை மரத்தடியில் காரை நிறுத்திவிட்டுப் பெரியப்பா குளிக்க இறங்குவார். குளியல், ஜபம் எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். பெரியம்மாவின் பிறந்த வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். அவள் பின்சீட்டில் உட்கார்ந்தபடியே அந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சொன்ன சொல்லை மீறுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. நாலு ஞாயிறு இப்படிப் போனது.

ஐந்தாவது ஞாயிறு, பெரியப்பா படி இறங்கியதும் பெரியம்மா என் தோளைத் தொட்டாள்.

"இதுல லைட்டுக்கு எது டீ?"

லைட் குமிழைத் தொடக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. ஆனால் தெரிந்த வித்தையைக் காட்டாமல் இருக்க முடியுமா? இழுத்துக் காட்டினேன். அந்த வெயிலில் லைட் எரிவது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஊசி மட்டும் விழுந்தது.

"மைனஸுக்குப் போறது, பெரியம்மா."

"போகட்டும். நீ கையை வைக்காதே."

பெரியப்பா ஈர வேஷ்டியோடு படி ஏறி வருவது தெரிந்த பிறகுதான் லைட்டை அமர்த்தச் சொன்னாள். கார் முனகக்கூட இல்லை. கையால் சுற்றிக் கிளப்பலாம் என்று ஹேண்டிலைத் தேடினார் பெரியப்பா. டிக்கியில் அதைக் காணவில்லை. லைட்டைத் தொட்டது நான் என்று தெரிந்தால் முன்சீட் உத்தியோகம் போய்விடும். பெரியம்மா வாயைத் திறக்கவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் என்று நினைத்து அவளை நன்றியோடு பார்த்தேன்.

தெருவில் கூட்டம் கூடியது. பெரியம்மாவின் அண்ணா தன் இரண்டு பிள்ளைகளோடு வந்தார். காரை ஒரு தடவை சுற்றி வந்தார். பிறகு, "அத்திம்பேர் வெயில்ல நிக்க வேண்டாம். நம்மாத்துக்கு வாங்கோ" என்றார்.

பேட்டரியைக் கழற்றிப் பக்கத்து ஒர்க் ஷாப்பில் சார்ஜுக்குக் கொடுத்தார்கள். சாயங்காலம் வரை ஆகும் என்றார்கள். பெரியப்பா வாசலில் கால் அலம்பிக்கொண்டு உள்ளே போனார். பெரியம்மா கால் அலம்பக்கூட நிற்கவில்லை. நேரே உள்ளறைக்கு ஓடினாள். அங்கிருந்து ஒரு அழுகைச் சத்தம் கேட்டது. அது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. மத்தியானம் எல்லோருக்கும் ஒரே பந்திதான். தலைவாழை இலை முதலில் பெரியப்பாவுக்குப் போட்டார்கள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை குளியல் கால் மணியில் முடிந்துவிடும். மிச்ச நேரம் அந்த வீட்டில்தான். அந்த வருஷ மழைக்காலம் முடிவதற்குள் பெரியம்மாவின் அம்மா காலமானாள். தலைமாட்டில் பெரியம்மா இருந்தாள்.

நடுவில் ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். நாங்கள் முதல் தடவை அந்த வீட்டுக்குப் போய் வந்த வாரம், எங்கள் வீட்டில் சாமான் வைக்கும் உக்கிராண அறையில் அரிசித் தகரத்துக்குப் பின்னால் எதையோ தேடினேன். பெரியம்மாவின் பழம்புடவையில் சுற்றின ஒரு இரும்பு கையில் தட்டியது. பிரித்தால், காணாமல் போன கார் ஹேண்டில்! என்ன சாமர்த்தியம் பார் என்று தூக்கிக்கொண்டு பெரியப்பாவிடம் ஓடினேன். எங்கே இருந்தது என்று கேட்டார். சொன்னேன். அந்தப் புடவையை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

"எடுத்த இடத்திலேயே வெச்சுடு. பெரியம்மாகிட்ட சொல்லாதே."

எனக்குக் கோபமான கோபம். கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்ததற்கு ஒரு சபாஷ் கிடையாது. போதாக்குறைக்கு, ஹேண்டில் இல்லாமல் காரை அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போகப் போகிறாரே, இந்தப் பெரியப்பாவுக்குக் கார் பற்றி ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.